நாளைக்கான பக்கத்தைப் படித்தேன்

சிங்காநல்லூரில் பெரியப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் ஓடு வரைக்கும் எட்டாத சுவர். ஒரே வீட்டைத் தடுத்து இரண்டாக்கியபோது பாதியில் செங்கல் தீர்ந்துவிட்டதாம், அப்படியே விட்டுவிட்டார்கள். அங்கே மிளகாய் தாளித்தால் இங்கே தும்முவோம். இங்கே ஜெபம் செய்தால் அங்கிருந்து ஆமென் வரும்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில், தவக்காலத்தில், இரண்டு குடும்பமும் மாலையில் பெரியப்பா வீட்டில் ஒன்றாக உட்கார்ந்துதான் ஜெபிப்போம். சபையில் கொடுக்கும் சின்னப் புத்தகத்தில் நாளுக்கு ஒரு பக்கம்: மேலே வேதப்பகுதி, கீழே தியானம். நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், தொண்ணூறுகளின் நடுவில், சேர்ந்து ஜெபிப்பது நின்றுபோனது. காரணம், பெரியப்பா மகளான அக்காவின் நிச்சயதார்த்தம். அன்று விடிந்ததிலிருந்து பந்தல், நாற்காலி, தண்ணீர் என்று ஓடிக்கொண்டிருந்த அப்பாவை, மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் சமையல்காரரின் ஆள் என்று நினைத்து, இன்னொரு காப்பி கொண்டுவரச் சொன்னார். அப்பா கொண்டுபோய்க் கொடுத்தார். 'அது என்ற தம்பிங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டிய பெரியப்பா சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

பேச்சுதான் கிடையாதே ஒழிய, பாட்டு இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஒரு சுருதியில் தொடங்கினால் அந்தப் பக்கம் அவர்கள் அதற்கும் மேலே போவார்கள். அந்த லெந்து முழுக்க ஆண்டவர் காதைப் பொத்திக்கொண்டுதான் இருந்திருப்பார்.

எனக்கு இருந்த கவலையே வேறு. ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். அக்காவுக்கு முன்னால் பூத் தூவிக்கொண்டு போக வேண்டியவள் நான். பெரியம்மா வாங்கிய ரோஸ் நிறத் துணி கவுனாகத் தைக்கப்படாமல் சுவருக்கு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டது. சமாதானம் பேச வந்த போதகரிடம் அப்பா, "இன்னொருக்கா இந்தப் பேச்ச எடுத்தீங்கன்னா, கல்யாணத்துக்கே வரமாட்டனுங்க ஐயா" என்று சொல்லிவிட்டார்.

பாதி லெந்து கழிந்திருக்கும். அன்று வாசிப்பது அப்பாவின் முறை. புத்தகத்தை என்னிடம் நீட்டி, "நீ படி கண்ணு" என்றார். பக்கத்தைத் திறந்தேன், பகீரென்றது. காணிக்கை செலுத்தப் போன இடத்தில் சகோதரனுடைய மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானம் ஆகும்படி சொல்லும் பகுதி. இதைப் படித்தால் அப்பா எழுந்து போய்விடுவார், கவுனும் போய்விடும். அப்பாவும் அம்மாவும் கண்ணை மூடியிருந்தார்கள். தாளைப் புரட்டி, மறுநாளுக்கான விதைக்கிறவன் உவமையை ஒரு மூச்சில் படித்து முடித்தேன். அப்பா கண்ணைத் திறந்து என்னை ஒருமுறை பார்த்தார்.

அன்று அக்கா தையல் வகுப்பிலிருந்து வரத் தாமதமானதால் அந்தப் பக்கம் அப்போதுதான் தொடங்கினார்கள். தெருமுனை வரை கேட்கும் குரல் பெரியப்பாவுக்கு. அவர் சரியான பக்கத்தைப் படித்தார். சகோதரன் என்ற இடம் வந்ததும் நின்றார். பெரியம்மா, "படிங்க" என்றாள். இருமல் மட்டும் வந்தது.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சண்டைதான் என்று நினைத்து நான் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் செருகினேன். அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் கதவு திறந்தது.

"ஏனுங்ணா, பாதியில நிறுத்திப்போட்டீங்க?" அப்பாவின் குரல்.

நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு பெரியப்பா, "கண்ணாடி செரியில்லடா. நீ படி, உக்காரு" என்றார்.

விட்ட இடத்திலிருந்து அப்பா படித்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜெபம் முடிந்ததோ இல்லையோ, சுவருக்கு மேலாக அக்காவின் குரல் வந்தது: "அம்மணி, கவுனுக்கு அளவெடுக்கோணும், ஓடி வா." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீடு திரும்பியதும் அப்பா என் தலையில் செல்லமாகக் குட்டினார். "நாலு வரி படிக்கச் சொன்னா, மனுசனப் பாடாப் படுத்திப்போட்டயே கண்ணு" என்றார். பக்கம் மாற்றியது தெரிந்தும் அடி விழவில்லையே என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்பா தினமும் வேலைக்குப் போகுமுன் அன்றைய பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார் என்று அம்மா சொன்னபோது எனக்கே கல்யாணமாகியிருந்தது. போய்ச் சமாதானமாகு என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடியாமல், வேறு யாராவது சொல்லட்டும் என்றுதான் அவர் புத்தகத்தை என்னிடம் தந்திருக்கிறார். நானோ அவரிடமிருந்து கல்யாணத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, விதை எங்கெங்கே விழுந்தது என்று படித்துக்கொண்டிருந்தேன்.