படகுக்கும் ஒரு கவர்

இன்னிக்கு காப்பெல் ஊர் பக்கத்துல ஒரு படகு ரிப்பேர் கடைக்குப் போனேன். எங்க செகண்ட் ஹேண்ட் ஃபைபர்கிளாஸ் படகோட அடியில, அம்மை போட்ட மாதிரி கொப்புளம்.

மெக்கானிக் ஒண்ணைக் குத்தினார். புளிச்ச வாடையோட தண்ணி வந்தது.

"ஏரியிலிருந்து எடுத்ததும் என்ன பண்ணுவீங்க?"

"டிரெய்லர்ல ஏத்தின உடனே, முழுசா பிளாஸ்டிக் ஷீட் சுத்தி டேப் போட்டு ஒட்டிடுவேன். அழுக்காகாது பாருங்க"ன்னு பெருமையா சொன்னேன்.

மனுஷன் தலையில கை வெச்சுட்டார். "ஈரத்தை உள்ள வெச்சு அடைச்சிருக்கீங்க! கவரைப் பிரிங்க. கொப்புளத்தையெல்லாம் சுரண்டி, நல்லா காய விட்டு, அப்புறம்தான் தண்ணி புகாத எபாக்ஸி பிசின் பூசணும்."

வீட்டுக்கு வந்து மனைவிகிட்ட சொன்னேன். அவ கத்தரிக்கோலை எடுத்தா, நேரா ஹாலுக்குப் போய் ஆறு வருஷமா சோஃபா மேல இருந்த பிளாஸ்டிக் கவரைக் கிழிச்சுட்டா.

டிவி ரிமோட்டை மட்டும் கவரோட ஒளிச்சு வெச்சிருக்கேன். இந்த மெயிலிங் லிஸ்ட்ல யாரும் அவகிட்ட சொல்லிடாதீங்கப்பா.