நாலாவது கூப்பாடு

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கோர்ட்டில் அது யாருக்கும் தெரியாது, சங்கு என்றால்தான் தெரியும். ஆலைச் சங்குபோல அப்படியொரு தொண்டை. வாசற்படியில் நின்று கட்சிக்காரர் பெயரைக் கூப்பிட்டால், எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார். முப்பத்தொரு வருடமாக அந்தத் தொண்டைக்குத்தான் சம்பளம்.

வழக்கை எடுத்ததும் மூன்று தடவை கூப்பிட வேண்டும். வராவிட்டால், வராதவர் இல்லாமலே தீர்ப்பு. சங்கு மட்டும் நாலாவது தடவையும் கூப்பிடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மூன்றோடு நிறுத்தியதில், கழிப்பறைக்குப் போயிருந்த ஒரு கிழவர் குடியிருந்த வீட்டையே தோற்றுவிட்டார். ஈரக் கையோடு ஓடிவந்து நின்ற அந்த முகம் சங்கைப் பல மாதம் தூங்கவிடவில்லை. அன்றிலிருந்து, மூன்றும் முடிந்ததும் குடுகுடுவென்று படியிறங்கி, கழிப்பறை, டீக்கடை, மரத்தடி என்று ஒரு சுற்று தேடிக் கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். எத்தனையோ நீதிபதிகள் மாறினார்கள், அந்தச் சுற்று மாறவில்லை.

இந்த நல்ல குணத்தில் ஒருவர் ஆனந்தமாகக் குளிர்காய்ந்தார். அவர் நிதித் துறையின் வக்கீல்.

கோர்ட் ஊழியர்களுக்குப் பென்ஷனை யார் கொடுப்பது என்று ஒரு வழக்கு. கோர்ட்டே கொடுக்கட்டும் என்றது நிதித் துறை. எங்களிடம் ஏது கஜானா என்றது கோர்ட் நிர்வாகம். நடுவில் ஓய்வு பெற்றவர்கள் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வழக்குப் போட்டது டைப்பிஸ்ட் அக்கா. அந்தக் கோர்ட்டின் பாதித் தீர்ப்புகளை அடித்த கை அவருடையது. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் ஒரு காசு கண்ணில் படவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்கா முதல் ஆளாக வந்து கோர்ட்டில் உட்காருவார், வக்கீல் முதல் ஆளாக வந்து டீக்கடையில் உட்காருவார். நாலாவது கூப்பாட்டுக்கு வாயைத் துடைத்துக்கொண்டே வந்து, "துறையிலேருந்து இன்னும் பதில் வரலீங்க, ஒரு வாய்தா வேணும்" என்பார். இப்படியே பதினாலு வாய்தா ஆயிற்று.

சங்கு ஓய்வு பெற இன்னும் மூன்றே மாதம்.

பதினைந்தாவது வாய்தா அன்று காலை, அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே மனைவி ஆரம்பித்தாள்.

"அந்த ஆளை நீங்களே தேடிப் போய்க் கூட்டிட்டு வந்து, நம்ம சோத்துல நீங்களே மண்ணை அள்ளிப் போடறீங்க."

"வேலைன்னா அப்படித்தான்."

"எது வேலை? மூணுதானே வேலை?"

சங்கு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வழக்கு எடுக்கப்பட்டது. படிக்கு வந்து நிதித் துறையைக் கூப்பிட்டார். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டாவது தடவைக்கு மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பின. மூன்றாவதை அடிவயிற்றிலிருந்து எடுத்தார். கடைக்குள்ளிருந்து வக்கீலின் கை மட்டும் நீண்டு, 'இரு, இரு' என்று ஆட்டிவிட்டு உள்ளே போனது.

வழக்கப்படி சங்கின் கால் தானாக ஒரு படி இறங்கியது. அந்தக் கிழவரின் ஈரக் கை ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கையையும் இந்தக் கையையும் மனதுக்குள் அருகருகே வைத்துப் பார்த்தார். பற்றிக்கொண்டு வந்தது. இறங்கிய காலை மேலே எடுத்துக்கொண்டார்.

"மூணு தடவை கூப்பிட்டாச்சுங்க ஐயா. யாரும் வரலை."

நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, பென்ஷனை நிதித் துறையே கொடுக்க வேண்டும், பாக்கியையும் சேர்த்து என்று தீர்ப்புச் சொன்னார். டைப்பிஸ்ட் அக்காவின் விரல்கள் மடியில் அதை வரி பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தன.

மறுவாரம் வக்கீல் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுவோடு வந்தார். கூப்பிட்டது காதில் விழவில்லையாம். கோர்ட்டே குலுங்கிச் சிரித்தது.

"இவர் கூப்பிட்டதா? உங்க காதுல விழலையா?" என்றார் நீதிபதி.

வக்கீலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "விழுந்ததுங்க ஐயா, மூணும் விழுந்தது! ஆனா இவர் எப்பவும் நாலாவது தடவை கடைக்கே வந்து கூப்பிடுவாரு. அன்னைக்குன்னு பாத்து வரலை!"

சொல்லி முடித்த பிறகுதான், தன் மனுவைத் தானே கிழித்துப் போட்டது அவருக்கு உறைத்தது.

நீதிபதி சங்கின் பக்கம் திரும்பினார். "ஏன் போகலை?"

முப்பத்தொரு வருடத்தில் சங்கு மெதுவாகப் பேசி அந்த அறை கேட்டதில்லை. அன்று கேட்டது.

"மூணுக்குத்தாங்க ஐயா சம்பளம். நாலாவது நானா குடுக்கறது. காதுல விழாதவங்களுக்குன்னு அதை வச்சிருக்கேன். இவருக்குத்தான் விழுந்துடுச்சே."

மனு தள்ளுபடியானது. அடுத்த வழக்கில், மூன்று தடவை கூப்பிட்டும் ஓர் அம்மாள் வரவில்லை. சங்கு குடுகுடுவென்று படியிறங்கி மரத்தடிப் பக்கம் ஓடினார்.