ஊருக்கு விரல் இல்லை

போன கிழமை அறுநூறு பக்கச் சரித்திரப் புத்தகம் ஒன்றை ஒரே மூச்சில் முடித்துவிட்டேன்.

சரி, சரி... பொய். முடித்தது சுமந்துகொண்டு படி ஏறித்தான். லிஃப்ட் பழுது, மூன்றாம் மாடி, பதினாறு பெட்டி. எட்டாம் வகுப்பையே முடிக்காத எனக்குப் புத்தகங்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவற்றின் பாரம்தான்.

இந்தப் பனிதேசத்தில், சென்ட் லோரன்டில் நான் பராமரிப்பு வேலை பார்க்கும் அடுக்குமாடிக்குப் புதிதாகக் குடிவந்த மேடத்தின் பெட்டிகள் அவை. பென்சன் எடுத்த வரலாற்றுப் பேராசிரியர். வாழ்நாள் முழுக்க ஒரே கேள்வியோடு இருந்தவர். ஹிட்லர் காலத்தில், ஐரோப்பாவின் ஒரு சின்ன ஊரில், யூதர்களைப் பிடிக்க வந்தவன் வெளியூர்க்காரன். எந்தக் கதவைத் தட்டுவது என்று அவனுக்கு யார் காட்டியது?

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? "ஊரே சேந்து காட்டிக்குடுத்திருக்கும் மேடம்."

"ஊரோ? ஊருக்கு விரல் இருக்கோ? விரல் ஆளுக்குத்தான். எனக்கு ஆளின்ர பேர் வேணும்."

(மேடம் பேசியது ஆங்கிலம். என் காதுக்குள் நுழைந்ததும் அது யாழ்ப்பாணத்துக்குப் போய்விடும். என்ன செய்ய?)

அவர் புத்தகத்தில் ஒரு ரொட்டிக்கடைக்காரன் வருகிறானாம். ஒரு யூதக் குடும்பத்தை நிலவறையில் ஒளித்துவைத்தவன். அதே மாதம் அடுத்த தெருவில் இன்னொரு வீட்டைக் காட்டிக்கொடுத்தவன்.

"அவனை நல்லவனெண்டு எழுதினீங்களோ, கெட்டவனெண்டோ?"

"ரெண்டையும் எழுதினன். ஒரே பேருக்குக் கீழ."

பிறகு கேட்டார் – "உங்கட நாட்டிலயும் சண்டைதானே. இப்பிடியான ஆளுக்கு உங்கட பாஷையில சொல் இருக்கோ?"

இருக்கிறது. தலையாட்டி.

வாசகர்களில் பாதிப்பேருக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: இயக்கப் போராளிகளைத் தேடி ஆமி ஊரைச் சுற்றிவளைத்து ஆம்பிளைகளை வரிசையில் விடும். முன்னால் தலையில் சாக்குப் போட்ட ஒருவன். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் போய் நிற்கவேண்டும். சாக்கு ஆடினால் ட்ரக்கில் ஏற்றுவார்கள். ஆடாவிட்டால் வீட்டுக்கு.

நான் வீட்டுக்கு வந்தவன். கலியாண வீடுகளில் அதைப் பகிடியாகச் சொல்வேன் – "என்ர மூஞ்சையைப் பாத்திட்டு, இவனைச் சேத்தால் இயக்கத்துக்குத்தான் நட்டமெண்டு விட்டிட்டாங்கள்!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

மேடத்துக்கும் அதையே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஆர் அது?"

"சாக்குத்தானே மேடம் தெரிஞ்சது."

"சாக்கு எதுவரைக்கும்?"

படித்தவர்களோடு இதுதான் கரைச்சல்!

இடுப்புவரைக்கும்தான். கீழே கால் தெரிந்தது. ரப்பர் செருப்பு; அறுந்த வாருக்கு ஒரு சட்டைப்பின். அந்தப் பின்னை முதல்நாள் குத்திவிட்டவனே நான்தான். என் சைக்கிள் பாரில் குந்தியிருந்து ஊர் முழுக்கச் சுற்றிய கூட்டாளி. சாக்கு என்னை வெகுநேரம் பார்த்தது. ஆடவில்லை. எனக்குப் பின்னால் நின்ற எங்கள் ஊர்க் குணமண்ணை முன்னுக்கு வந்தார். ஆடியது.

குணமண்ணை திரும்பி வரவேயில்லை. என் கூட்டாளியையும் அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை.

குணமண்ணையின் மனைவி இப்போது இங்கேதான், பக்கத்துக் கார்ட்டியர்வில்லில் இருக்கிறா. பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவ. போன தேர்த் திருவிழாவில் சாப்பாட்டு வரிசையில் என் கையைப் பிடித்தா – "தம்பி, நீர்தானே அவருக்கு முன்னால நிண்டனீர்? ஆரெண்டு கண்டனீரோ?"

"சாக்குத்தானக்கா தெரிஞ்சது..."

அவ தலையைக் குனிந்துகொண்டு சொன்னா – "ஊராக்களில ஆரைக் கண்டாலும் இவனோ, இவனோ எண்டுதானடா தம்பி மனம் கேக்குது."

பெயர் தெரியாததால் அந்த மனுசிக்கு ஊரே தலையாட்டி.

ஏன் நான் சொல்லவில்லை? பயமா? அதுவாவது கௌரவம்! எழுத வெட்கமாக இருக்கிறது... எனக்கு அவன் வேண்டும். கோடை வந்தால் மெட்ரோவில் நான் முகங்களைப் பார்ப்பதில்லை. செருப்புப் போட்ட கால்களைத்தான். ஒருநாள் கண்டுவிட்டால் குணமண்ணையைப் பற்றிக் கேட்பேனா? மாட்டேன். "சாப்பிட்டியோடா?" என்றுதான் கேட்பேன். பெயரைச் சொன்ன நிமிடம் அவன் தலையாட்டி. சொல்லாதவரைக்கும் என் கூட்டாளி. என் கூட்டாளியை நான் வைத்திருப்பதற்கு அக்கா இத்தனை வருசமாய்ச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்கவேண்டுமா?

ஆனால் அவன் அப்படிப்பட்டவன் இல்லை அக்கா. ஒருநாள் நல்ல மழை, நானும் அவனும் ஒரே சைக்கிளில் –

"இஞ்சாருங்கோ! ரெண்டாம் மாடியில தண்ணி ஒழுகுதாம், கீழ்வீட்டுக்காரி கத்துறாள்!" மனைவிதான்.

போகவேண்டும். அக்கா, சனிக்கிழமை வீட்டில் நில்லுங்கோ. இது பேப்பரில் சொல்லுகிற பெயர் இல்லை, நேரில் வந்து சொல்லுறன். என்னைக் கண்டதும் தேத்தண்ணி வைக்காதேங்கோ.

சொல்லி முடித்த பிறகு, மனம் வந்தால் வையுங்கோ.