மழைக்கு நிற்காத கடிகாரம்

தொலைபேசியில் ஆரணியின் பெயரைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் குறுஞ்செய்தி அனுப்புகிற பிள்ளை, கூப்பிட்டதே இல்லை. காரின் மேல் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நின்றவள் கையுறையைக் கழற்றிவிட்டு அழைப்பை எடுத்தேன். "அன்ரி, அப்பா காலமை போயிட்டார். அம்மா உங்களுக்கு முதல் சொல்லச் சொன்னவா. ஐ டோன்ட் நோ வட் டு சே" என்றாள். யூனியன்வில்லில் எங்கள் வீட்டு வாசலில், பாதிக் கண்ணாடி மட்டும் தெரிந்த காருக்கு முன்னால் நின்று அழுதேன். கார் கிளம்பவில்லை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் உதவிக்கு வந்தார்.

மறுநாள் மரண அறிவித்தல் வந்தது. பருத்தித்துறையைப் பிறப்பிடமாகவும் அஜக்ஸை வதிவிடமாகவும் கொண்ட அருமைநாயகம் அவர்கள் காலமானார். இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவர், இன்னாரின் மைத்துனர். என்ன வேலை பார்த்தார் என்று ஒரு சொல் இல்லை. ஸ்காபரோவில் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் எனக்கு முன்னால் நின்றவர், "இவர் கப்பலிலை வேலை செய்தவர்" என்றார். அவருடைய மனைவி, "இல்லையப்பா, ஏதோ லொறிக் கொம்பனி" என்றார். செத்த வீட்டில் கோபப்படக் கூடாதுதான். ஆனாலும் பட்டேன். அதைக் கவனித்தோ என்னவோ ஆரணியின் அம்மா மலர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீர்தான் அவரோடை வேலை செய்தனீர். கல்வெட்டுக்கு நீர் எழுதும்" என்றார். முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு ஈழத்தவர்கள் வைத்திருக்கும் பெயர் கல்வெட்டு. தூத்துக்குடிக்காரியான எனக்கு அந்த வழக்கம் புதிது. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்களில் பலருக்கு அருமைநாயகம் அண்ணையைப் பழைய மாணவர் சங்கத்தின் விளையாட்டுப் போட்டியில் ஒலிவாங்கி பிடிக்கிற மனிதராகத் தெரியும். எனக்கு அடுத்த மேசைக்காரர். டொரொன்டோ நகர மையத்தில் எங்கள் சிறிய ஆலோசனை நிறுவனத்தில் இருவருக்கும் ஒரே வேலை. கிழக்கு ஆபிரிக்கக் கரையிலிருக்கும் கொள்கலன் துறைமுகங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. கப்பல் எத்தனை நாள் கட்டிக் கிடக்கிறது, கிரேன் ஒரு மணி நேரத்தில் எத்தனை பெட்டி தூக்குகிறது, இறக்கிய பெட்டி எப்போது வெளியே போகிறது. மொம்பாசாவில் புது முனையம் கட்டினார்கள், தார் எஸ் சலாமில் கடலடியை ஆழப்படுத்தினார்கள் என்றால் எங்களுக்குத்தான் கல்யாணக் களை. உறைந்த ஏரி தெரியும் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்துமாக்கடலைப் பற்றிச் சண்டை போடுவோம். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்ன தூத்துக்குடி" என்பார். ஒருநாள் பதிலுக்குப் "பருத்தித்துறை" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "அது பெரிய துறைமுகமெல்லே, மரியாதையாச் சொல்லும்" என்றார்.

முதல் முறை அவரோடு அந்தக் கரைக்குப் போனபோது துறைமுக அதிகாரிகள் காலையில் கார் அனுப்பியிருந்தார்கள். அண்ணை அதில் ஏறவில்லை. துறைமுக வாசலுக்கு வெளியே நீண்டு நின்ற லாரி வரிசையின் கடைசிக்கு என்னை நடத்திக்கொண்டு போனார். நல்ல வெயில். எனக்கு எரிச்சல். அவரோ ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, தெரிந்த நாலு சுவாஹிலிச் சொற்களை வைத்துக்கொண்டு ஓட்டுநர்களிடம் கதை கேட்டுக்கொண்டிருந்தார். கடலே இல்லாத நாடுகளுக்குச் சரக்குக் கொண்டுபோகிறவர்கள் அவர்கள். லாரிக்குக் கீழே பாய் விரித்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். "உள்ளுக்கை போனா அவை காட்டுறதைத்தான் பாப்பம். முதல் வெளியிலை நிண்டு பாப்பம்" என்றார். அன்று பின்னேரம் அதிகாரிகள் புதிதாக வந்திறங்கிய கிரேன்களைப் பெருமையோடு காட்டினார்கள். அண்ணையும் மனதாரப் பாராட்டினார். திரும்பும் வழியில் என்னிடம் மட்டும், "கிரேன் ஓடுது. கேற் ஓடேல்லை" என்றார். வாசலில்தான் அடைப்பு; அறிக்கையின் முழுச் சாரமும் அவ்வளவுதான். அதை எழுத எனக்கு ஒரு வசந்தகாலம் முழுக்கத் தேவைப்பட்டது.

அந்தத் துறைமுகங்களில் ஒன்றின் பெயரை மட்டும் இங்கே எழுதப்போவதில்லை. அண்ணையும் பின்னாளில் எங்கேயும் அதைப் பெயர் சொல்லிப் பேசியதில்லை. அங்கே ஹமிசி என்றொரு கிரேன் ஓட்டுநர் இருந்தார். ஒரு தலைமுறைக்கு முந்தைய கிரேன்; அதன் உச்சியிலிருந்த கூண்டுக்கு அண்ணையை ஏற்றிக்கொண்டு போனவர் அவர். கீழே இறங்கியதும் அண்ணை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஹமிசி சிரித்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தேங்காய்ப்பாலில் சமைத்த மீனும் சோறும் போட்டார். "எங்கடை சொதி மாதிரியே, கொஞ்சம் புளி கூட" என்று அண்ணை மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள்.

அந்த ஆண்டு அண்ணை போட்ட தரவரிசையில் ஹமிசியின் துறைமுகம் கடைசி. நாங்கள் எல்லோரும் அந்தப் பட்டியலைப் பார்த்தோம். யாருக்கும் ஒன்றும் உறுத்தவில்லை. வாடிக்கையாளருக்கு அனுப்பினோம், அந்நாட்டு அரசுக்கும் போயிற்று. சில மாதம் கழித்து வேறு வேலையாக ஹமிசியின் துறைமுகத்துக்குப் போன அண்ணை ஒருநாள் காலையில் கூப்பிட்டார். அங்கே முந்தின நாள் காற்றோடு பெருமழை. கிரேன்களை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். மணிக்கு எத்தனை பெட்டி என்கிற அந்த நாளின் கணக்கு படுத்துவிட்டது. அது இயல்புதான். "ஆனா மற்றத் துறைமுகங்களிலை மாரி காலத்திலை கூடக் கணக்கு இறங்கினதே இல்லை. அங்கை மழையே பெய்யிறேல்லையோ, தூத்துக்குடி?" என்றார்.

பெய்தது. ஆனால் அந்த மற்றத் துறைமுகங்களில் மழை வந்தால், கிரேன் பழுதானால், ஆட்கள் சாப்பிடப் போனால் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். கிரேன் தூக்கிய நேரத்துக்கு மட்டும்தான் கணக்கு. ஹமிசியின் துறைமுகத்தில் கப்பல் கட்டிய நேரத்திலிருந்து அவிழ்க்கும் நேரம்வரை கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு எண்ணுக்கும் ஒரே பெயர், ஒரே தலைப்பு. எங்கள் தொழிலில் இது பாலபாடம். அண்ணை மற்றவர்களுக்கு இதைச் சொல்லி எச்சரித்திருக்கிறார். ஆனாலும் அந்த ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிசைப்படுத்திவிட்டார். கடிகாரத்தை நிறுத்தாமல் நேர்மையாக எண்ணியவர்கள் கடைசியில் போய் நின்றார்கள்.

அதற்குள் அந்தத் துறைமுகத்தின் பழைய தளங்களை வெளியாரிடம் ஒப்படைப்பதென்று முடிவாகியிருந்தது. புதிய இயந்திரங்கள் வரும், புதிய ஆட்கள் வருவார்கள். பழைய கிரேன்களில் இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹமிசியும் அதில் ஒருவர்.

டொரொன்டோவுக்குத் திரும்பிய அண்ணை நேரே கூட்ட அறைக்குள் போனார். "பிழை என்ரை. திருத்தி அனுப்புங்கோ" என்றார், முதலில் தமிழில், பிறகு சுதாரித்து ஆங்கிலத்தில். நிறுவனத் தலைவர் நல்ல மனிதர்தான், குரலே உயர்த்தவில்லை. இது வரையறை வேறுபாடு, அடுத்த பதிப்பில் அடிக்குறிப்பாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். "அடிக்குறிப்பை வேலை போனவன் வாசிப்பானோ?" என்று அண்ணை கேட்டார். அன்றே வாடிக்கையாளருக்கும் துறைமுகத்துக்கும் தன் பெயரில் எழுதினார்: தரவரிசை தவறு, தவறு என்னுடையது, மன்னிக்கவும். துறைமுகத்திலிருந்து மரியாதையான பதில் வந்தது. முடிவு பல காரணங்களால் எடுக்கப்பட்டது, உங்கள் கடிதத்துக்கு நன்றி. எங்கள் நிறுவனமும் மரியாதையாகவே நடந்துகொண்டது. அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

மண்டபத்தில் லாரிக் கம்பெனி என்று அந்த அம்மையார் சொன்னது அதற்குப் பிந்தைய காலம். நெடுஞ்சாலை 401-க்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில், எந்த லாரி எப்போது வந்து எந்தக் கதவில் நிற்பது என்று நேரம் ஒதுக்கும் வேலை. ஒருமுறை பார்க்கப் போனேன். முற்றத்தில் ஒரு லாரிகூடக் காத்து நிற்கவில்லை. பஞ்சாபி ஓட்டுநர் ஒருவர் இவருக்கென்று வீட்டிலிருந்து பரோட்டா கொண்டுவந்திருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. ஒரு கரையையே மனதில் வைத்திருந்த மனிதர் நாலு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன செய்ய? இது நான் பிழை விட்டாலும் ஆரின்ரையும் வேலை போகாத இடம்" என்றார். அதை அவர் நகைச்சுவையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நோய் வந்தபிறகு ஞாயிறுதோறும் அஜக்ஸுக்குப் போவேன். மலர் அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அந்தப்பக்கம் போனதும் அவர் தொடங்கிவிடுவார். "நான் அந்தப் பட்டியலைக் குடுக்காட்டியும் உது நடந்திருக்குமோ?"

"நடந்திருக்கும் அண்ணை. அவர்கள் முன்னாடியே தீர்மானித்துவிட்டார்கள். உங்கள் பட்டியல் ஒரு சாக்கு."

"நீர் சும்மா சொல்லுறீர்."

"ஹமிசியைக் கூப்பிட்டுக் கேளுங்களேன்."

"என்னெண்டு கூப்பிடுறது? அந்தாளின்ரை வீட்டிலை சாப்பிட்டனான்."

அடுக்களையிலிருந்து மலர் அக்காவின் குரல் வரும். "உந்தக் கதையை விடுங்கோப்பா. அவ பாவம், தூரத்திலையிருந்து வாறா." அவர் விட்டுவிட்டு அரசியல் பேசுவார். அடுத்த ஞாயிறு திரும்பவும் அதே கேள்வி. பெருநாள்கள் வந்து போயின. ஹமிசியின் அழைப்பு வந்தபோதுகூட அவர் எடுக்கவில்லை, தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு அழைப்பும் நின்றுபோயிற்று. கடைசியாகப் போன அன்று அவருக்குப் பேச மூச்சுப் போதவில்லை. என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினார். "நடந்திருக்கும் அண்ணை" என்றேன்.

தகனத்தன்று ஆரணி அப்பாவின் தொலைபேசியில் இருந்த எல்லா எண்களுக்கும் செய்தி அனுப்பியிருக்கிறாள், நேரலை இணைப்போடு. கிரியைகள் முடிந்து எல்லோரும் வெளியே நின்றபோது தொலைபேசியைக் கொண்டுவந்து நீட்டினாள். "அன்ரி, ஆரோ ஹமிசியாம். அழுறார். யூ டோக், ப்ளீஸ்."

நான் யாரென்று சொன்னேன். அவர் நிதானமான ஆங்கிலத்தில் பேசினார். சடங்கு முழுவதையும் குடும்பத்தோடு பார்த்தாராம். எனக்கு அப்போது ஏன் கேட்கத் தோன்றியதோ, கேட்டுவிட்டேன். அந்தப் பட்டியல் இல்லாவிட்டாலும் அது நடந்திருக்குமா?

"கடைசிக் கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அன்று அவர்கள் வாசித்தது அந்தப் பட்டியல் ஒன்றைத்தான். அதற்குப் பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. அவருடைய கடிதம் பிறகுதான் வந்தது" என்றார். குரலில் கசப்பே இல்லை. "எத்தனையோ நிபுணர்கள் வந்து போனார்கள். எங்களிடம் மன்னிப்புக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அதற்கு நன்றி சொல்லத்தான் பெருநாள்தோறும் கூப்பிட்டேன். ஏன் எடுக்கவேயில்லை?"

அண்ணையை அறிந்தவர்களே, அவர் பிழையே விடாத நிபுணர் என்று எழுதினால் அவரே எழுந்து வந்து என்னைத் திட்டுவார். ஒரு பிழை விட்டார். அது உண்மையிலேயே ஒருவரின் சோற்றில் கைவைத்தது. அவர் பயந்தது சரிதான். நான் ஞாயிறுதோறும் சொன்ன ஆறுதல் பொய். அவர் அதை ஒருநாளும் நம்பவில்லை என்பதில்தான் இப்போது எனக்கு அவர்மேல் இன்னும் மரியாதை கூடுகிறது. ஆனால் அந்த அழைப்பை ஒருமுறை எடுத்திருக்கலாம். அதை நினைத்தால் அழுகை வருகிறது, கூடவே கோபமும் வருகிறது.

அவருடைய அறிவையும் சிரிப்பையும் நீங்கள் ஆளுக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் எடுக்காமல் விட்ட அந்த அழைப்பு போதும். போன ஞாயிறு, அஜக்ஸுக்குப் போகும் நேரத்தில், ஹமிசியைக் கூப்பிட்டேன். அண்ணை எடுக்காததற்காக மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் விடவில்லை. "அதெல்லாம் ஆயிற்று. கடைசிக் காலத்தில் எப்படி இருந்தார், சொல்லுங்கள்" என்றார்.

ஒவ்வொரு ஞாயிறும் உங்களைப் பற்றித்தான் கேட்டார் என்று சொன்னேன்.