கழற்றி வைத்த வளையல்கள்

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியன்று காலையிலேயே, வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்களைக் கழற்றிவிட்டேன். பிரசவம் வரை அவை கையிலேயே இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இன்றைக்குத்தானே பிறக்கப்போகிறது என்று நினைத்தேன்.

தேதி தாண்டியும் வலி வரவில்லை. செஞ்சியில் அம்மா வீட்டுக்குத் தினமும் போன் வரும். "இன்னும் ஆவலையா?" என்பார்கள் சொந்தக்காரர்கள். போனை வைத்ததும் அவர்களைத் திட்டித் தீர்ப்பேன்.

ஒரு மதியம் குழந்தையின் அசைவு குறைந்ததுபோல் இருந்தது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இதயத்துடிப்பு சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். அசைவைப் பார்ப்பதற்காக வயிற்றில் பட்டையைக் கட்டிப் படுக்கவைத்தார்கள். அசைவே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் மேல்சித்தாமூர்ப் பெண் ஒருத்தி, கை நிறைய வளையலோடு இருந்தாள். தண்ணீர் பாட்டிலை எடுக்க அவள் கையை நீட்டியபோது வளையல்கள் குலுங்கின. உடனே என் வயிற்றுக்குள் ஓர் உதை.

"இன்னாக்கா, வலிக்குதா?"

"இல்ல. இன்னொரு வாட்டி கைய ஆட்டு."

ஆட்டினாள். மறுபடியும் உதை.

இத்தனை நாள் கேட்ட சத்தம் திடீரென்று நின்றதும் உள்ளே குழந்தை என்ன நினைத்ததோ?

மறுநாள் மருந்து கொடுத்து வலி வரவைத்தார்கள். மகள் பிறந்தாள். வளையல் சத்தத்தைக் கேட்டவள் வேறு என்னவெல்லாம் கேட்டிருப்பாள் என்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொந்தக்காரர்களைத் திட்டியதும் காதில் விழுந்திருக்கும்.