பூசையில் உட்கார்ந்த பெட்டி

குணவதிக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கையைப் பத்துப் பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்தாலும் மிச்சம் இருக்கும். புகழ்ச்சியாகத்தான் சொல்கிறேன். ஆனால் அவளோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தவள் நான். அந்த நம்பிக்கை எத்தனை முறை என் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும்.

எழுபதுகளில் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் வெளிநாட்டு எலக்ட்ரானிக் தொழிற்சாலைகள் ஆள் எடுக்கத் தொடங்கியபோது, நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். நாள் முழுவதும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. நான் ஒட்டினேன், சம்பளம் வாங்கினேன், வீட்டுக்குப் போனேன். குணவதியோ, அந்தச் சில்லு கடைசியில் எதற்குள் போய் உட்காருகிறது என்று சூப்பர்வைசரைத் துளைத்துக்கொண்டே இருந்தாள். மாலை வகுப்பில் சேர்ந்தாள். சோதனைப் பிரிவுக்கு மாறி, கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். சும்மா இருக்கும் பிறவி இல்லை அவள்.

எண்பத்தொன்பதில் அந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, கடலுக்கு எதிர்க்கரையில், மாக் மண்டினில் குளிர் அறைகளைப் பழுது பார்க்கும் சீனி முகம்மது அண்ணனோடு கூட்டுச் சேர்ந்தாள். என்னையும் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். அவள் யோசனை இதுதான்: இறாலோ பூவோ மருந்தோ, குளிர் அறை நின்றுபோனால் யாராவது கதவைத் திறந்து பார்க்கும்வரை தெரிவதில்லை. அதற்குள் உள்ளே இருப்பது பாழ். ஆகவே அறைக்குள் ஒரு சின்னப் பெட்டி. அது குளிரை அளந்து, அரை மணிக்கு ஒருமுறை டெலிபோன் வழியாக எங்கள் பட்டறைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். சூடு ஏறினால் கம்ப்யூட்டர் மணி அடிக்கும்.

மனிதர்கள் டெலிபோனில் வம்பளப்பது போதாதா, சாமான்களும் பேச வேண்டுமா என்று கேட்டேன்.

"இனிமே மனுசங்களவிட அதுங்கதான் அதிகமா பேசும் லெட்சுமி. எந்த ஊருல ஐஸ் ரூம் இருக்கோ, அந்த ஊரெல்லாம் நமக்கு பசார்தான்," என்றாள்.

பினாங்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விற்றோம். இறால்காரர்கள் வாங்கினார்கள், பாலிக் புலாவில் டுரியான் பழத்தை உறைய வைப்பவர் ஒருவர் வாங்கினார். வெளியூர்ச் சந்தை மட்டும் அசையவே இல்லை. பட்டறை மூச்சுத் திணறிக்கொண்டிருந்த தொண்ணூற்று மூன்றில்தான் டென்மார்க்கிலிருந்து யென்சன் என்பவர் வந்தார். பல நாட்டுத் துறைமுகங்களில் குளிர் கிடங்கு வைத்திருக்கும் கம்பெனிக்குக் கருவி வாங்குபவர். நிஜமான இடத்தில் மூன்று நாள் ஓட்டிக் காட்டுங்கள், பிடித்தால் எல்லாக் கிடங்குக்கும் வாங்குகிறேன், பிடிக்காவிட்டால் தைவானுக்குப் போகிறேன் என்றார். இந்த ஆர்டர் கைநழுவினால் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

ஜார்ஜ்டவுனில் பழனியப்பன் அண்ணனின் பூக்கடைக் குளிர் அறையைக் குணவதி தேர்ந்தெடுத்தாள். சரஸ்வதி பூசை சமயம், அறை நிறையப் பூ இருக்கும், கதவு திறந்து திறந்து மூடும், பெட்டிக்கு நல்ல சோதனை என்று கணக்குப் போட்டாள். கெட்டிக்காரிதான். பூசைக்காகப் பூ வரும் என்று யோசித்தவளுக்கு, பூசைக்கே பெட்டி போகும் என்று தோன்றவில்லை.

இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் காலை யென்சன் பட்டறையில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு டிகிரி. எங்களுக்குச் சந்தோஷம். கொஞ்ச நேரம் கழித்து அவர், நேற்றெல்லாம் கதவு திறக்கும்போது ஏறி இறங்கியதே, இன்றைக்கு ஏன் அசையவே இல்லை என்று கேட்டார். குணவதி திரையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. பூக்கடைக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"பெட்டியா? சாமி முன்னால இருக்கு தங்கச்சி," என்றார் பழனியப்பன். "கத்தரி, தராசு எல்லாத்தோடயும் வச்சு சந்தனம் குங்குமம் வச்சிருக்கோம். வேலை செய்யிற சாமானுக்கெல்லாம் இன்னிக்கி லீவுதானே."

"ஐஸ் ரூமுண்ணே?"

"அது ஓடுது. அதுக்கு லீவு குடுத்தா பூ என்னாவுறது?"

"பெட்டிய இப்ப மாட்டிட முடியுமாண்ணே?"

"நாளைக்கி விஜயதசமி பூசை முடிஞ்சுதான் எடுக்கணும். ஒனக்குத் தெரியாததா?"

அதற்கு மேல் கேட்க மனம் வராமல் போனை வைத்தாள். யென்சனுக்குத் தமிழ் ஒரு எழுத்தும் புரியாது. சீனி முகம்மது அண்ணன் மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"டெலிபோன் லைன் ரோசாக், கெட்டுப் போச்சுன்னு சொல்லிடு லா. அவருக்கு எங்க தெரியப்போவுது?"

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

"இத்தன வருசமா பொய் சொல்லி விக்கலண்ணே. இன்னிக்கி மட்டும் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, யென்சனிடம் நடந்ததை ஆங்கிலத்தில் அப்படியே சொன்னாள். பாவி, சந்தனப் பொட்டைக்கூட விடவில்லை.

யென்சன் சிரிக்கவில்லை. பூசைக்குப் போகிற பெட்டியை நம்பி நான் எப்படிக் கிடங்கு நடத்துவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. குணவதி அசரவில்லை. பெட்டிமேலும் குற்றமில்லை, பூக்கடைக்காரர்மேலும் குற்றமில்லை, தப்பு என் திரையில் என்றாள். பெட்டி பேச்சை நிறுத்திய பிறகும், கடைசியாகக் கேட்ட நாலையே காட்டிக்கொண்டு எல்லாம் நன்றாக இருப்பதுபோல் திரை நடித்துவிட்டது. பேச வேண்டிய நேரத்தில் பெட்டி பேசாவிட்டால் அதற்கும் மணி அடிக்க வேண்டும். மத்தியானத்துக்குள் மாற்றித் தருகிறேன், பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றாள்.

சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் புரோகிராமை மாற்றினாள். பிறகு வேறொரு பெட்டியை யென்சன் கையில் கொடுத்து, ஹோட்டல் அறை டெலிபோனோடும் கரண்டோடும் இதைச் சேர்த்துவிடுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்களைக் கூப்பிடும், உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பிளக்கைப் பிடுங்குங்கள் என்றாள். அவர் அதைத் தூக்கிக்கொண்டு தீவிலுள்ள தன் ஹோட்டலுக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் திரையில் எண்கள் வரத் தொடங்கின. நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு எரிச்சலாக இருந்தது. பிடுங்குகிற மனுஷன் சீக்கிரம் பிடுங்கித் தொலைக்கக் கூடாதா?

மணி அடித்தது. குணவதி ஹோட்டலைக் கூப்பிட்டாள். யென்சன் கீழே காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி அவரைப் போனுக்கு வரவழைத்தார்கள்.

"பிளக்கைப் பிடுங்கிவிட்டீர்கள், மிஸ்டர் யென்சன்."

"இல்லையே. நான் கீழே இருக்கிறேன். சாயங்காலம்தான் பிடுங்குவதாக இருந்தேன்."

போச்சு என்று நினைத்தேன். புது மணி முதல் தடவையே பொய்யாக அடித்துவிட்டது. சீனி முகம்மது அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேலே போய்ப் பாருங்கள்," என்றாள் குணவதி. "பெட்டி பேசவில்லை. நான் லைனிலேயே இருக்கிறேன்."

குரலில் ஒரு பிசிறு இல்லை.

யென்சன் திரும்பி வந்து போனை எடுத்தபோது அவருக்குச் சிரிப்பில் பேச்சே வரவில்லை. அறையைச் சுத்தம் செய்ய வந்த அம்மாள், வேக்குவம் மெஷினை மாட்டுவதற்காகப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தாராம்.

"என் அறையில் நடந்தது எனக்குத் தெரியவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது," என்றார். "எங்கள் கிடங்குகளில் ஒருவன் ரேடியோவுக்காகப் பிடுங்குவான், ஒருவன் கெட்டிலுக்காகப் பிடுங்குவான். பிடுங்காத ஊர் எது? பேப்பரைத் தயார் செய்யுங்கள்."

குணவதி நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

"என்னவாம் தங்கச்சி?" என்றார் சீனி முகம்மது அண்ணன்.

"எல்லாக் கிடங்குக்கும் வேணுமாம்ணே."

சொல்லிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.