பதினேழு பூசணிப்பூ

சுகிர்தம் டீச்சர் ஆலங்குளத்துக்காரி. கட்டிக்கொடுத்த இடத்தில் புருசன் அறைந்த அறையில் இடது காது செத்துப்போனது. அன்றைக்கே ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவள், டிரெயினிங் முடித்து, தென்காசியில் குற்றாலம் ரோட்டோரம் இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தாள். அவள் வகுப்பில் பிரம்பு கிடையாது.

மார்கழி பிறந்துவிட்டால் மலைக்குளிர் அந்த ஓட்டுக் கட்டடத்துக்குள் வந்து குடியிருக்கும். பிள்ளைகள் அப்பாவின் துண்டையும் அக்காவின் தாவணியையும் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டே வரும். டீச்சர் கதவு ஜன்னலெல்லாம் அடைத்து, சாக்கு விரித்து உட்காரவைப்பாள். தரையில் சாக்கட்டியால் குட்டி குட்டி வீடாக வரைவாள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு வாசல் கோலத்திலிருந்து ஒரு பூசணிப்பூ எடுத்துவர வேண்டும். தன் சாக்கட்டி வீட்டு முன்னால் களிமண் உருண்டை வைத்து, பூவை அதில் செருக வேண்டும். அப்புறம் எல்லாருமாகச் சத்தம் போட்டு எண்ணுவார்கள். எத்தனை பூவோ அத்தனை பிள்ளை. குளிர் மறந்துபோகும். முத்துவடிவு என்ற ஐந்து வயதுக் குட்டி எண்ணுவதில் படு கெட்டி. யார் தப்பாகச் சொன்னாலும் விடமாட்டாள்.

ஐம்பத்தேழாம் வருசம் மார்கழியில் ஒருநாள், பதினேழு பூ எண்ணி முடித்த நேரம், எதிர்த்த மரக்கடையில் வேலைபார்த்த பலவேசம் ஓடிவந்து ஜன்னலைத் தட்டினான்.

"டீச்சர், மாடக்கண்ணுவ எங்கயாவது ஒளிச்சு வையுங்க. அவன் அப்பன் சுந்தரபாண்டியன், வாய்க்கா தண்ணி தகராறுல வல்லிநாயகம் தம்பிய வயல்லயே வெட்டிக் கொன்னுட்டு ஓடிட்டான். வல்லிநாயகம் இந்தப் பிள்ளையத் தேடி அருவாளோட வாரான். நான் ஆளைக் கூட்டிட்டு வாரேன்."

டீச்சர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த மாடக்கண்ணுவைத் தூக்கி மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். மூச்சுக் காட்டக்கூடாது என்று மட்டும் சொன்னாள். அவள் திரும்புவதற்குள் வாசல் கதவில் வெட்டு விழுந்தது. நாலாவது வெட்டில் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

வல்லிநாயகத்தின் வேட்டியெல்லாம் ரத்தம். தம்பியின் உடம்பை மடியில் போட்டிருந்துவிட்டு வந்தவன். பிள்ளைகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டன.

"டீச்சர், ஒங்களுக்கும் எனக்கும் பகையில்ல. சுந்தரபாண்டியன் மவன மட்டும் விடுங்க."

"அவன் இன்னைக்கி வரல அண்ணாச்சி. பதினாறு பேருதான் வந்திருக்கு. நீங்களே பாருங்க."

அவன் ஒவ்வொரு பிள்ளையின் தாடையையும் தூக்கிப் பார்த்தான். சுந்தரபாண்டியன் சாடை யாரிடமும் இல்லை. அரிவாளைத் தாழ்த்திக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினான்.

"இல்ல டீச்சர், பதினேழு பூ இருக்கு" என்றாள் முத்துவடிவு.

வல்லிநாயகம் தரையைப் பார்த்தான். பூக்களைப் பார்த்தான். பிறகு அலமாரியைப் பார்த்தான். சுகிர்தம் ஓடிப்போய் அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். அவன் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். அவள் நகரவில்லை. ஓங்கிய வெட்டைத் தடுக்க வலதுகையைத் தூக்கினாள். முழங்கைக்குக் கீழே எலும்பு வரைக்கும் இறங்கியது. கீழே விழுந்தவள் அவன் காலைக் கட்டிக்கொண்டு கெண்டைச்சதையில் பல்லைப் பதித்தாள். வலியில் அவன் வீசிய அடுத்த வெட்டு அலமாரிக் கதவில் சிக்கிக்கொண்டது. அரிவாளைப் பிடுங்க முடியவில்லை.

அதற்குள் பலவேசமும் மரக்கடை ஆட்களும் உள்ளே புகுந்துவிட்டார்கள். தேக்குச் சட்டத்தால் அடித்தார்கள். வல்லிநாயகத்தின் வலதுகால் முட்டு உடைந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அப்படியும் நிறுத்தவில்லை. அவன் முகம் முகமாக இல்லை.

"பிள்ளைங்க பாக்குது, போதும் விடுங்க" என்று சுகிர்தம் தரையில் கிடந்தபடியே கத்தினாள். யாருக்கும் காதில் விழவில்லை. பூவெல்லாம் மிதிபட்டு, களிமண்ணும் ரத்தமுமாகக் குழைந்து கிடந்தது.

மாடக்கண்ணுவை அவன் அம்மா அன்றைக்கே எங்கேயோ கூட்டிப்போய்விட்டாள். டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வல்லிநாயகம் ஜெயிலுக்குப் போனான். சுந்தரபாண்டியன் பிடிபட்டதும் அவனும் போனான். சுகிர்தத்தின் வலதுகை விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே இடதுகையால் எழுதிப் பழகினாள்.

திரும்பி வந்த அன்று முத்துவடிவு வகுப்பில் இல்லை. விசாரித்தபோது, சம்பவத்தன்றே அவள் அம்மா விளக்குமாற்றால் விளாசித் தள்ளிவிட்டாள் என்று சொன்னார்கள். அதிலிருந்து அந்தப் பிள்ளை யாரிடமும் பேசவில்லையாம். சாயங்காலம் டீச்சர் கட்டுப்போட்ட கையோடு அவள் வீட்டுக்குப் போனாள். முத்துவடிவு நெல்லு மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். டீச்சரும் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, அன்னைக்கி நீ எண்ணுனது சரி. நாந்தான் தப்பாச் சொன்னேன்."

முத்துவடிவு மூட்டைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"சரியாச் சொன்னதுக்கு ஏன் டீச்சர் ஒங்கள வெட்டுனாரு?"

"அது எனக்கே தெரியல பிள்ள."

முத்துவடிவு மெல்ல நகர்ந்து வந்து, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரலைத் தொட்டுப் பார்த்தாள். அது அசையவில்லை என்றதும் அழத் தொடங்கினாள். டீச்சர் அவளைத் தேற்றவில்லை. அழுது முடிக்கும்வரை கூடவே இருந்தாள்.